பெயருக்கு முன்னால் ஒரு சொல்

செத்துப்போன மனிதருக்கு ஒரு பலகை வைப்பது இவ்வளவு பெரிய தலைவலியாக முடியும் என்று தெரிந்திருந்தால், ரேடியோ வீட்டம்மா அந்த ஆசையை வளர்த்தே இருக்க மாட்டாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் யாரிடமும் போய் எதற்காகவும் நின்றவள் இல்லை. இந்தப் பலகையைக்கூட அவளாகக் கேட்கவில்லை. நகராட்சிக்காரர்கள்தான் வீடு தேடி வந்து, மோரா காபியா என்று கேட்குமுன்பே விஷயத்தைச் சொல்லி, அவள் மனசில் ஆசையை மூட்டிவிட்டுப் போனார்கள்.

பழைய பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் ஹாலை நூலகமாக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, அலமாரிகளும் வந்து இறங்கிவிட்டன. உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில், ஒரு காலத்தில் அதே ஹாலில் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர் வாங்கிய அவள் வீட்டுக்காரரின் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறித்து வைப்பது என்று முடிவு. பெயரில் தகராறு இல்லை. பெயருக்கு முன்னால் ஒரு சொல் வேண்டுமாம். வெறும் பெயரைப் போட்டால், இடத்தைத் தானம் கொடுத்த பணக்காரர் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். அந்த ஒரு சொல்லில்தான் வம்பு பிறந்தது.

சொல்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். ஒருத்தி கல்லூரியில் வரலாறு நடத்தும் டீச்சர். அவள் அந்தப் பேக்கிங் ஹாலைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே செய்திருந்தாள். அவள் எழுதியதில் ரேடியோ ஓர் இடதுசாரி, பெண்ணியவாதி, இன்னும் வாயில் நுழையாத ஏதேதோ. பலகையில் ‘முற்போக்குப் போராளி’ என்று போட வேண்டும் என்பது அவள் கட்சி. இன்னொருவர் மருந்துக் கடைக்காரர், அந்த வார்டின் கவுன்சிலர். அவருடைய கட்சி மலரில் ரேடியோ குடும்ப நெறியைக் கட்டிக் காத்தவராக வந்திருந்தார், பூ மாலை போட்ட மாதிரி ஓவியத்தோடு. ‘பண்பாட்டுக் காவலர்’ என்று போடாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் அவர்.

ரேடியோ வீட்டம்மாவுக்கு இரண்டைக் கேட்டாலும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முற்போக்காம். அந்த மனிதர் தெருவில் நடந்தால் பின்னால் வருகிற மாட்டு வண்டிக்காரன் திட்டுவான், அத்தனை நிதானம். காவலராம். தன் குடையைக் காப்பாற்றத் தெரியாமல் மழைக்கு ஒரு குடை தொலைத்தவர், பண்பாட்டை எங்கே போய்க் காத்தார்?

சிரித்துவிட்டு இருந்துவிடவும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, வீட்டு ஆள் என்ற முறையில் அவளும் கையெழுத்துப் போட்டால்தான் பலகை. இல்லாவிட்டால் அந்தச் சுவரில் மின்சார மீட்டர் பெட்டியை மாட்டிவிடுவோம் என்று நகராட்சி ஆணையர் சொல்லிவிட்டார். அவள் மகள், “ஏதோ ஒண்ண ஒத்துக்கோம்மா. பேர் வந்தா போதாதா, முன்னாடி என்ன இருந்தா என்ன?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு என்ன தெரியும்? அவருடைய குரலை எந்த டேப்பிலும் யாரும் பிடித்து வைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஹாலில் அவளோடு நின்றவர்களில் இப்போது இந்த ஊரில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அப்படி ஒரு மனிதர் அங்கே நின்றார் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. அந்தப் பலகை அவளுக்கு வேண்டும். பொய் எழுதாத பலகையாக வேண்டும்.

அந்த ஹாலில் இயந்திரம் கிடையாது. அடுப்புகள் எல்லாம் பின்கட்டில். அங்கிருந்து ஆறின பிஸ்கட் தட்டுத் தட்டாக வரும். நீள மேஜைகளின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, உடைந்ததை ஒதுக்கி, டின்னுக்குள் வெண்ணெய்த்தாளை விரித்து, பிஸ்கட்டைச் செங்குத்தாக அடுக்கி, மூடி போடத் தள்ளிவிடுவார்கள். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு வேலையே இல்லை. காது சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? பேச்சு வளர்ந்து, சண்டை வளர்ந்து, யார் வீட்டு விஷயமோ யார் வாயிலோ புகுந்து, ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள்.

ரேடியோ அங்கே டின்களுக்கு மூடி அழுத்துகிற ஆளாகத்தான் சேர்ந்தார். ஒரு நாள் ஏதோ சண்டையை நிறுத்துவதற்காக, யாரோ கொண்டுவந்திருந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து ஒரு தொடர்கதையைச் சத்தமாக வாசித்தார். ஹால் அடங்கிப்போனது. மறுநாளும் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நடுத்தூணை ஒட்டிக் காலி டின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நிற்பார். அவர் அழுத்த வேண்டிய மூடிகளை மேஜைக்கு மேஜை முறை வைத்து மற்றவர்கள் அழுத்தினார்கள். அவர் பங்கு வேலை ஒரு நாளும் குறைந்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு மூடிகூட அழுத்தியதில்லை. சண்டை நின்று டின் கூடுதலாக நிரம்பியதால் மேஸ்திரியும் கண்டுகொள்ளவில்லை.

காலை ஷிப்டுக்கு வாசித்த பகுதியையே, மாலை ஷிப்டு தொடங்கியதும் இருந்து அவர்களுக்கும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். ஒரு ஷிப்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் மற்றதை உள்ளே விடுவார்கள், இரண்டும் நின்று பேசிக்கொள்ள வழியில்லை. கதை உச்சத்தில் இருக்கும்போதுதான் கம்பெனிச் சங்கு ஊதும். உடனே பத்திரிகையை மூடிவிட்டு, வாயைத் திறக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். மீதி நாளைக்கு என்று அர்த்தம். ஹால் முழுக்க ஒரே குரலில் “ச்சே” என்று ஒரு சலிப்பு எழும். வைகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அவ்வளவு சந்தோஷமான சலிப்பை அவள் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை.

அப்போதெல்லாம் ஹாலில் மனிதர்களைப் பிரிக்க இரண்டே சொல்தான். நம்ம ஆளு, ஆபீஸ் ஆளு. அந்த இரண்டில் அடங்காத மனிதப் பிறவியே அவர்களுக்குத் தெரியாது.

பெரிய கலவரமாக டீச்சரும் மருந்துக் கடைக்காரரும் எழுதியிருக்கிற அந்த வேலைநிறுத்தம் ஒரு தையற்காரியால் வந்தது. தொடர்கதையின் நாயகி அவள். புருஷன் அவளை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறான். வருஷக்கணக்கில் தகவல் இல்லை. அவள் தைத்துப் பிழைத்து, தலை நிமிர்ந்து, தனக்கென்று ஒரு வழி பார்த்துக்கொண்டு வேறு ஊருக்குப் புறப்படுகிற அன்று, ஸ்டேஷனில் வந்து நிற்கிறான் அந்தப் புருஷன். அவளுக்கு ஒரு கால் ரயில் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். அவள் பெட்டியின் கைப்பிடியில் அவன் கை. அடுத்த வாரம் முடிவு என்று போட்டிருந்தது. ரேடியோ விரலைத் தூக்கினார்.

அந்த வாரம் பார்த்துப் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். ஹாலுக்குள் நுழைந்தவர் கண்ணில் பட்டது, வேலை நேரத்தில் பெட்டிமேல் ஏறி நிற்கும் ஒரு ஆள். வாசிப்பு கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. முதல் மேஜையில் நின்ற, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற கனத்த பெண்மணி, “எனக்குக் கை ஓடல” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் கை ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹாலில் யாருக்குமே கை ஓடவில்லை. யாரும் திட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. தட்டுகள் மட்டும் வந்து வந்து குவிந்தன. காற்றுப் பட்டுப் பிஸ்கட் நமத்துப்போகத் தொடங்கியது.

மேனேஜர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் ரயிலில் ஏறினாளா இல்லையா என்று தெரிய வேண்டும் என்றாள் பெரியக்கா. அவர் அதை ஏதோ சங்கேத பாஷை என்று எடுத்துக்கொண்டார். தலைமை ஆபீசுக்கு, இங்கே சிவப்புக் கொடிக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்று தகவல் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் ரேடியோவுக்கு முதல் பட்டம் கொடுத்தவர் அவர்தான்.

செய்தி பரவியதும் வெளியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு சங்கத் தலைவர் கேட்டுக்கு வெளியே நின்று, முதலாளி வர்க்கம் பற்றித் தொண்டை வறளப் பேசினார். பெரியக்கா மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த வாரப் பத்திரிகை உங்களிடம் இருக்கிறதா என்றாள். மறுநாள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்து, இந்த மாதிரிக் கதைகளால்தான் குடும்பப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தி சொன்னார். பெரியக்கா அவரிடமும் அதையேதான் கேட்டாள். இரண்டு பேரிடமும் பத்திரிகை இல்லை.

நமத்த பிஸ்கட்டைப் பார்த்துப் பார்த்து மேனேஜர் இறங்கி வந்தார். வாசித்துத் தொலையட்டும் என்று சொன்னார். ஹால் ஆரவாரப்பட்டது. ரேடியோ நம்ம ஆளு என்று மேஜைக்கு மேஜை சொல்லிக்கொண்டார்கள். அன்று காலை அவர் பெட்டிமேல் ஏறி, பத்திரிகையைப் பிரித்து, முடிவை வாசித்தார். தையற்காரி புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பெட்டியை அவன் கையிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு ரயிலில் ஏறினாள். ரயில் நகர்ந்தது. காலை ஷிப்டு முழுவதும் ஓவென்று அழுதது.

ரேடியோ வீட்டம்மாவும் அழுதாள். அப்போது அவள் கல்யாணமாகாத பெண், உடைந்த பிஸ்கட் மேஜையில் நின்றவள். சங்கு ஊதி வெளியே வந்து பாதி வழி போன பிறகுதான் டிபன் டப்பாவை ஹாலிலேயே விட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள். உள்ளே மாலை ஷிப்டுக்கு முடிவு வாசித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று இன்னொரு தடவை அழலாம் என்று காதைக் கொடுத்தவள் திகைத்துப்போனாள். இங்கே தையற்காரி ரயிலில் ஏறவில்லை. படியில் வைத்த காலைக் கீழே எடுத்து வைத்து, புருஷன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு, அவனை முன்னால் நடக்கச் சொன்னாள். மாலை ஷிப்டும் ஓவென்று அழுதது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அவர் வெளியே வருகிற வரைக்கும் கேட்டிலேயே காத்திருந்து, வந்ததும் வழியை மறித்தாள். அவர் கக்கத்தில் இருந்த பத்திரிகையின் அட்டையைப் பார்த்தாள். அது எப்போதோ வாசித்து முடித்த பழைய இதழ்.

“ஏமாத்துக்காரரா நீங்க? இதுக்கா நாங்க இத்தனை நாள் தரையில உக்காந்தோம்?”

அவர் முகம் செத்துப்போய்விட்டது. பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள், முடிவு வரவே இல்லை, இனிமேலும் வராது என்று மெதுவாகச் சொன்னார். கடைக்காரன் கையை விரித்துவிட்டானாம். இத்தனை பேர் வேலையைப் பணயம் வைத்துக் கேட்ட கதைக்கு முடிவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டார்.

“சரி, ஒரு முடிவு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டு?”

“காலையில இருந்தவங்க மூஞ்சியெல்லாம் பாத்தேன். எங்கேயாவது போயிட மாட்டோமான்னு இருந்துச்சு. சாயங்காலம் இருந்தவங்க மூஞ்சியப் பாத்தேன். யாராவது திரும்பி வர மாட்டாங்களான்னு இருந்துச்சு. நான் பத்திரிகையப் பாக்கவே இல்லம்மா. மூஞ்சியப் பாத்துத்தான் வாசிச்சேன்.”

அப்படியானால் என் முடிவு என்ன என்று அவள் கேட்டாள். அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு விரலைத் தூக்கினார்.

மறுநாளும் கேட்டில் நின்றாள். அப்புறம் தினமும் நின்றாள். கடைசியில் ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு வீட்டாரும் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள்.

ரேடியோவைக் கட்டிக்கொண்டாள், வீட்டில் எந்நேரமும் கதையாக இருக்கும் என்று ஹாலில் எல்லோருக்கும் அவள்மேல் பொறாமை. உண்மை என்னவென்றால், அவர் வீட்டில் ஊமை. நாள் முழுக்க வாசித்துத் தொண்டை புண்ணாகி வருவார். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, சைகையிலேயே சோறு கேட்பார், சைகையிலேயே குழம்பு நன்றாக இருக்கிறது என்பார். அவர் குரலைக் கேட்க வேண்டுமானால் அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு நாள்கூட லீவு போடாமல் போனாள். ஹால் முழுக்கப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் குரல் நம் வீட்டுக் குரல் என்று தனக்குள் கொண்டாடிக்கொண்டு பிஸ்கட் பொறுக்கினாள். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் அவள் மூக்கில் வெண்ணெய் வாசம் அடிக்கும்.

வீட்டில் அந்தத் தையற்காரி மட்டும் ஒரு பேச்சாக நிலைத்துவிட்டாள். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவாகாமல் இழுத்தால், விஷயம் ரயில் படியில் நிற்கிறது என்று அர்த்தம். பாவம், அவளுக்குக் கால் வலிக்காதா, சட்டென்று ஒன்றைச் சொல்லுங்கள் என்பாள் இவள். அவர் விரலைத் தூக்குவார்.

பிறகு கம்பெனிக்காரர்கள் ஹாலில் ஒலிபெருக்கி மாட்டி நிஜ ரேடியோவையே வைத்துவிட்டார்கள். மூடிக்கும் இயந்திரம் வந்தது. மூடி அழுத்துவதையே மறந்துவிட்ட மூடிக்காரருக்கு வேலை போயிற்று. கடைசி நாளும் அவர் பெட்டியிலிருந்து இறங்குமுன் விரலைத் தூக்கினார் என்பதுதான் அவளால் தாங்க முடியாதது. அப்புறம் அவர் பஸ் நிலையத்தில், எந்த பஸ் எப்போது புறப்படும் என்று மைக்கில் சொல்கிற வேலைக்குப் போனார். ஊர்ப் பெயர்களைக்கூடக் கதை மாதிரிதான் சொல்வார். அங்கே வருகிறவர்களுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

கடைசிக் கூட்டம் என்று நாள் குறித்துவிட்டார்கள். புது வாசம் அடிக்கிற நூலக ஹாலில், அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேஜை. டீச்சர் ஒரு பக்கம், மருந்துக் கடைக்காரர் ஒரு பக்கம், மகளைக் கூட்டிக்கொண்டு ரேடியோ வீட்டம்மா நடுவில். நடுத்தூண் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று அவள் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். இரண்டு முடிவு சொன்ன கதையைப் போட்டு உடைத்து, இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடுவது. கட்சிக்கு ஆள் பிடிக்க என் வீட்டுக்காரர்தானா கிடைத்தார் என்று கேட்டுவிடுவது. வாயைத் திறக்கப் போனபோது டீச்சர் முந்திக்கொண்டாள். சொல்லை ஏன் விட்டுக்கொடுக்க முடியவில்லை என்பதை இன்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

டீச்சரின் அம்மா காலை ஷிப்டு. அடிக்கிற புருஷன். கம்பெனியில் அந்தக் கதையின் முடிவைக் கேட்ட வாரமே, மாற்றுப் புடவைகூட எடுக்காமல் வீட்டை விட்டு வந்துவிட்டாள். ஒரு தையற்காரி வெறுங்கையோடு போனாள், நாமும் போகலாம் என்று தோன்றியதாகச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

“அந்த ரயில்ல நானும் ஏறினேன் அம்மா. கைக்குழந்தையா,” என்றாள் டீச்சர். “அதனாலதான் படிச்சேன், இங்க உக்காந்திருக்கேன். அவர போராளின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்வேன்?”

மருந்துக் கடைக்காரர் முகம் என்னவோ போல் ஆகியிருந்தது. தையற்காரி ரயிலில் ஏறவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய அம்மா மாலை ஷிப்டு. அப்பா கோபித்துக்கொண்டு போனவர், வெகு நாள் கழித்து மெலிந்து கறுத்துத் திரும்பி வந்து வாசலில் நின்றாராம். சேர்க்காதே என்றார்கள் எல்லோரும். அம்மா கதையில் வந்த மாதிரியே, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கச் சொன்னாளாம்.

“அம்மா அன்னைக்குப் படியில இருந்து இறங்கலைன்னா நான் பொறந்தே இருக்க மாட்டேன். எங்க வீட்டுல அவர் பேரச் சொல்லித்தான் விளக்கேத்துவாங்க,” என்றார்.

கட்சிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றல்லவா இத்தனை நாள் இவர்களைத் திட்டித் தீர்த்தாள் ரேடியோ வீட்டம்மா. ஆளுக்கொரு பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது இரண்டு அம்மாக்களுக்காக. அவள் கேட்டில் மறித்துச் சண்டை போட்டுக் காதலித்து, வீட்டில் வைத்துக் கேலி பேசிய அந்த இரண்டு முடிவுகளும், வெளியே போய் இரண்டு குடும்பமாக வளர்ந்து நின்றிருக்கின்றன. அது அவருக்கே தெரியாது. அவருக்குத் தெரியாமலே போய்விட்டதே.

உண்மையைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அவர்கள் இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு வயசாகி ஞாபகம் பிசகியிருக்கும் என்று டீச்சர் சொல்ல, உங்கள் அம்மா தன் வசதிக்குக் கதையை மாற்றிக்கொண்டிருப்பாள் என்று அவர் சொல்ல, செத்துப்போன இரண்டு பெண்களில் ஒருத்தி பொய்க்காரி என்று ஆகிக்கொண்டிருந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

“ரெண்டு பேரும் கேட்டது நெஜம்,” என்றாள் அவள். “ரெண்டையும் நான் கேட்டேன். ஒரே நாள்ல, ஒரே வாய்லேர்ந்து.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுபோன பத்திரிகை, கக்கத்தில் இருந்த பழைய இதழ், காலை முகங்கள், மாலை முகங்கள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். உங்கள் அம்மாவை அவர் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம், அவர் அந்த முகத்தில் இருந்ததைத்தான் வாசித்தார் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். டீச்சர் நெடுநேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

முதலில் தெளிந்தவள் டீச்சர்தான். அப்படியென்றால் முடிவை மக்கள் கையிலேயே விட்டவர், அவர் ஒரு ஜனநாயகவாதி என்றாள். மருந்துக் கடைக்காரர் விடுவாரா? சபை அறிந்து கதை சொல்வது காலங்காலமாக வருகிற மரபு, ஆகவே மரபுக் காவலர் என்றார். அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர்களைத் திருத்த முடியாது. ஆனால் இப்போது கோபம் வரவில்லை.

மகள்தான் கேட்டாள், “அம்மா, ஹால்ல அப்பாவ அப்போ என்னன்னுதான் சொல்வாங்க?”

“என்ன சொல்வாங்க. நம்ம ஆளும்பாங்க.”

டீச்சர் சட்டென்று திரும்பினாள். தன் அம்மாவும் அவரைப் பற்றி அந்த வார்த்தையைத்தான் சொல்வாள் என்றாள். எங்கள் வீட்டிலும் அதேதான் என்றார் மருந்துக் கடைக்காரர். அதற்குப் பிறகு கூட்டம் வெகு சீக்கிரம் முடிந்தது. பித்தளையில் பொறிப்பதற்குக் கொஞ்சம் கௌரவமாக ‘நம்ம ஆள்’ என்று திருத்திக்கொண்டார்கள். பெயருக்கு முன்னால் அந்தச் சொல், அவ்வளவுதான். இரண்டு பேரும் கையெழுத்துப் போடும்போது முகத்தில் ஒரு வெற்றிக்களை தெரிந்தது. நம்ம என்றால் தங்கள் பக்கம் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஹாலும் அவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அவளும் போட்டாள் கையெழுத்து.

கிளம்பும்போது மருந்துக் கடைக்காரர் வாசல் வரைக்கும் வந்து தயங்கி நின்றார்.

“அம்மா, எங்களுக்கு ஒண்ணு, டீச்சர் அம்மாவுக்கு ஒண்ணு. உங்களுக்கு என்ன முடிவு சொன்னாரு?”

டீச்சரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. தொண்டைக்கு ஆபரேஷன் ஆகி, குரல் அறவே போய், அவர் நிஜமாகவே ஊமையாகக் கிடந்த நாட்கள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்த ஒரு மத்தியானம், விளையாட்டாகத்தான் கேட்டாள். இப்போதாவது சொல்லுங்கள், ஏறினாளா இறங்கினாளா, தலையையாவது ஆட்டுங்கள் என்றாள். அவர் அவள் முகத்தை, கேட்டில் வைத்துப் பார்த்த மாதிரியே, கண் எடுக்காமல் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தார். மறுநாள் அவர் இல்லை.

இதையெல்லாம் இவர்களிடம் சொல்லலாம்தான். அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், பதிலுக்காக நிற்கிற அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மாக்கள் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பார்களோ, அந்த விரல் இருவருக்கும் புரிந்துவிட்டது. “ச்சே,” என்றார்கள், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

ரேடியோ வீட்டம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.